இரண்டு தௌ இடைவெளி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் விசித்திரமான காரியம்தான். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட, அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஊர் இது. இன்றைக்கும் கெடுபிடிக்குக் குறைவில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் அதற்கும் மேலே. ஆனாலும் பட்டறை வரிசைக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் மாலையில் லேத் ஆட்கள் நாலு பேர் கூடினால், தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு பென்ச்ரெஸ்டில், அதாவது மேசைமேல் பையில் துப்பாக்கியைக் கிடத்திச் சுடும் துல்லியப் போட்டியில், வந்து நிற்கிறது. செம்பனை ஆலைப் பட்டறைகளில் தொழில் கற்றுக்கொண்டு பெர்த், மெல்பர்ன் என்று போய்விட்ட பிள்ளைகள் அங்கே கிளப்பில் சேர்கிறார்கள், தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார்கள், கைப்பேசியைத் திறந்து படம் காட்டுகிறார்கள். சுடுவதை விட, அந்தச் சாமானைக் கடைந்த விதத்தில்தான் நம்மவர்களுக்கு ஆர்வம்.

அப்படி வந்த ஒரு பெர்த் தம்பி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. “அண்ணே, இருக்கறதிலேயே டைட்டான ஆக்‌ஷன் எதுன்னு மட்டும் சொல்லுங்க, காசு பத்தி அப்புறம் பாத்துக்கலாம்.” ஆக்‌ஷன் என்பது பேரலுக்குப் பின்னால் தோட்டாவைப் பூட்டி வெடிக்க வைக்கும் பகுதி; அதன் உடம்பு ரிசீவர், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் தண்டு போல்ட். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு தயாரிப்பாளர் பெயர் சொன்னார்கள்: பேட், பாண்டா, போர்டன், ஸ்டில்லர், பார்னார்ட். ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் மட்டும், “டைட்டுன்னா எந்த எடத்துல தம்பி?” என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. காசு கூடக் கூட இறுக்கம் கூடும், இறுக்கம் கூடக் கூடக் குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் வட்டம்) சுருங்கும் என்று ஒரு நம்பிக்கை எல்லார் மனதிலும் உட்கார்ந்திருக்கிறது. கடைசல் வேலை தெரிந்தவர்களிடம்தான் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டி. அது பாதி உண்மை. மீதிப் பாதியால் நிறையப் பணம் வீணாகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். குரூப்பைச் சின்னதாக்குவது பேரலும் குண்டும் காற்றைப் படிக்கும் கண்ணும். ஆக்‌ஷன் எந்தக் குரூப்பையும் சின்னதாக்கியது கிடையாது. அதன் வேலை கெடுக்காமல் இருப்பது. பேரலைத் தன் அச்சிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். தோட்டாவை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் இருக்கும் தீப்பற்றும் மூடியை, ஒரே விதமாக அடிக்க வேண்டும். சுடுகிறவரின் கைக்குக் குறுக்கே வரக்கூடாது. இந்த நான்கில் விளம்பரத் தாள்கள் வரிந்து கட்டிக்கொண்டு பேசுவது முதல் இரண்டைப் பற்றி மட்டும். அந்த இரண்டையும் இன்று பெயர் உள்ள எந்தத் தயாரிப்பாளரும் சரியாகத்தான் செய்கிறார். கணினி இயந்திரத்தில் ஒரே பிடியில் கடைந்து எடுக்கும் ரிசீவரில் பேரல் திருகும் மறையும் முகமும் லக் (போல்ட்டைப் பூட்டும் பல்) அமரும் இடமும் ஒரே அச்சில் வந்துவிடுகின்றன. அதற்காக ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போக வேண்டியதில்லை. வித்தியாசம் மற்ற இரண்டில் இருக்கிறது.

எந்த இடத்தில் இறுக்கம்

பெரியவர் கேட்டதற்கு வருவோம். நீராவிக்குப் பக்கத்தில் சூடாக ஓடும் தண்டுக்கு ஆலையில் சி3 பேரிங் போடுவார்கள். சாதாரண பேரிங்கை விட உள்ளே இடைவெளி கூடியது. புதிதாக வந்த பையன் அதைக் கையில் ஆட்டிப் பார்த்து, “இது தேஞ்சது” என்று ஒதுக்கி வைப்பான். சூடேறினால் அந்த ஆட்டம் மறைந்துவிடும் என்பது ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆக்‌ஷனுக்குள் போல்ட் ஓடும் இடைவெளியும் அப்படிக் கணக்குப் போட்டு விட்டதுதான். போல்ட் திறந்து நிற்கும்போது முன்னும் பின்னும் தளர்ச்சி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு துளி வெடிமருந்துத் தூள் விழுந்தாலே பிடித்துக்கொள்ளும். பூட்டிய பிறகு பின்பக்கம் ஆடக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்கத்தான் போர்டன் தன் போல்ட்டின் முன்னும் பின்னும் லேசாக மேடு விட்டுக் கடைகிறார். போல்ட் ஓடும்போது அந்த மேடுகள் வெட்டிவிட்ட இடத்தில் சும்மா கிடக்கும். கைப்பிடியை இறக்கிப் பூட்டும்போது மட்டும் ரிசீவரின் சுவரோடு போய் ஒட்டும். ஆட்டிப் பார்த்து வாங்குகிறவர் அதைத் தளர்ந்த ஆக்‌ஷன் என்பார்.

பின்பக்கம் ஏன் முக்கியம்? ரெமிங்டன் வழி வந்த ஆக்‌ஷன்களில் டிரிகரின் சியர் (பிடித்து நிறுத்தும் கொக்கி), காக்கிங் பீஸை (பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னின் வால் பகுதி) தாங்கிப் பிடிக்கும்போதே அதைச் சற்று மேலே தள்ளுகிறது. பின்னால் இடம் இருந்தால் போல்ட்டின் வால் தூக்கும். வால் தூக்கினால் முன்னால் மேல் லக் தன் இருக்கையை விட்டு விலகும். கீழ் லக் மட்டும் தாங்கி நிற்கும். வெடித்ததும் அழுத்தம் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்தும். குண்டு இன்னும் பேரலுக்குள் இருக்கிற அந்த நேரத்தில் இப்படி ஒரு அதிர்வு. கம்பெனி ரெமிங்டன் 700-இல் பின்பக்க இடைவெளி ஐந்து தௌவைத் தாண்டுவது சகஜம் (ஒரு தௌ என்பது 0.001 அங்குலம், ஏறத்தாழ 0.025 மில்லி). கஸ்டம் ஆக்‌ஷனில் இரண்டு, மூன்றுக்குள் இருக்கும். இந்த இரண்டு தௌவை ஒன்றாக்க, ஒன்றை அரையாக்க என்று மேலும் காசு கொட்டுவதில் பயன் இல்லை. லக் இருக்கையை விட்டு எழும்பாத அளவுக்கு இருந்தால் போதும். அதற்கும் கீழே போனால் கிடைப்பது, தூசியில் சிக்கும் போல்ட்.

இதைச் சோதிப்பது எளிது. போல்ட்டின் இரண்டு லக்குகளின் பின் முகத்திலும் நீல மசி தடவி, ஃபயரிங் பின்னை அதன் இடத்திலேயே விட்டு, டிரிகரில் காக் ஆகும்படி நாலைந்து முறை மூடித் திறக்க வேண்டும். பிறகு மசியைத் துடைத்து மறுபடி தடவி, இம்முறை பின்னைக் கழற்றிவிட்டு, போல்ட் முகத்தை லேசாகப் பின்னுக்கு அழுத்தியபடி அதையே செய்ய வேண்டும். இரண்டு முறையும் இரண்டு லக்கிலும் மசி ஒரே போல அழிந்திருந்தால் பின்பக்கம் சரி. இரண்டாவது முறை மட்டும் இரண்டிலும் அழிந்து, முதல் முறை கீழ் லக்கில் மட்டும் அழிந்திருந்தால் வால் தூக்குகிறது என்று அர்த்தம். பழைய ஆக்‌ஷன் வாங்கும்போது தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு இதைச் செய்யலாம். விற்பவர் நல்லவராக இருந்தால் மறுக்கமாட்டார்.

பிரைமரில் விழும் அடி

பெர்த் தம்பி ஏற்கனவே ஒரு கஸ்டம் ஆக்‌ஷன் வைத்திருந்தார், இன்னொருவர் கைமாறி வந்தது. 6 பிபிசி (6 மில்லி தோட்டா வகை), 68 கிரெய்ன் எடைக் குண்டு, என்133 வெடிமருந்து. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஐந்து சுட்டால் மூன்று ஒரே ஓட்டைக்குள் போகும், இரண்டு மேலேயோ கீழேயோ ஒரு குண்டு அகலத்துக்கு விலகி நிற்கும். பக்கவாட்டில் விலகினால் காற்று என்று சொல்லிவிடலாம். இது செங்குத்தாக விலகுகிறது. மருந்தை 0.3 கிரெய்ன் படியாக ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார். குண்டின் ஆழத்தை மூன்று தௌ படியாக மாற்றிப் பார்த்திருக்கிறார். பின்பக்க மணல் பையை மாற்றிப் பார்த்திருக்கிறார். புதிதாக, இதைவிட டைட்டான ஆக்‌ஷன் வாங்க வேண்டும் என்ற முடிவு அப்படித்தான் வந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் திசை தெரிந்துவிடும். குண்டு வினாடிக்கு 3,300 அடி வேகத்தில் கிளம்பினால் 100 கெஜம் போக ஏறத்தாழ 0.094 வினாடி. அந்த நேரத்தில் பூமி அதை இழுப்பது சுமார் 1.7 அங்குலம். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் வேகம் 20 அடி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 0.6 விழுக்காடு. விழும் அளவு 1.2 விழுக்காடு மாறும். அது 0.02 அங்குலம். இந்த 6 மில்லி குண்டின் விட்டம் 0.243 அங்குலம். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆகவே 100 கெஜத்தில் ஒரு குண்டு அகலத்துக்குச் செங்குத்தாக விலகினால், மருந்து அளவு கூடிக் குறைந்து வேகம் மாறியது என்ற காரணம் எடுபடாது. 1,000 கெஜத்தில் அது வேறு கதை. கிட்ட இருக்கும் இலக்கில் இப்படி நடந்தால் துப்பாக்கியே பைக்கு மேல் ஒரு தடவை ஒரு மாதிரியும் அடுத்த தடவை வேறு மாதிரியும் குலுங்குகிறது, அல்லது தீப்பற்றும் நேரம் மாறிப் பேரலின் அதிர்வில் வேறொரு கட்டத்தில் குண்டு வெளியேறுகிறது. இரண்டையும் தேடிப் போனால் ஃபயரிங் பின்னில்தான் போய் நிற்போம்.

ஒட்டுக்கடைப் பேச்சு திரும்பியது இந்த இடத்தில்தான். “டிரிகர் எப்ப மாத்துன?” என்று பெரியவர் கேட்டார். மாற்றியது பழைய சொந்தக்காரர். வேறு கம்பெனி டிரிகர், அதே ஹேங்கரில் (டிரிகரைத் தாங்கும் பகுதி) மாட்டியது. அது எப்படிக் கெடுக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கஸ்டம் ஆக்‌ஷன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

போல்ட்டைத் தூக்கும்போது பின்னால் உள்ள சரிவு காக்கிங் பீஸைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்பிரிங்கை அழுத்தி, ஒரு சின்னக் குழியில் நிறுத்தி வைக்கிறது. மூடும்போது, கைப்பிடி இறங்கும் கடைசிக் கட்டத்தில், காக்கிங் பீஸ் அந்தக் குழியை விட்டு இறங்கி டிரிகரின் சியர் மேல் சாய வேண்டும். சியர் இருக்கும் இடம் ஹேங்கரைப் பொறுத்தது. சியர் மிகவும் பின்னால் இருந்தால், மூடும்போதே ஸ்பிரிங்கை இன்னும் அழுத்த வேண்டி வரும். கைப்பிடி கடைசியில் கனக்கும், சிலசமயம் விட்டால் மேலே எழும்பும். சியர் மிகவும் முன்னால் இருந்தால், மூடும்போது காக்கிங் பீஸ் முன்னுக்கு வழுக்கிவிடும். ஃபயரிங் பின் விழ வேண்டிய தூரம் குறையும். சாதாரணமாக அந்தத் தூரம் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் நாற்பது தௌ போனால் அடியின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போனது போல. பிரைமர் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே மாதிரி வெடிக்காது. அதனால்தான் இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. அடி தவறி வெடிக்காமல் போனால் யாராவது கவனித்திருப்பார்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது. ஃபயரிங் பின் விழுந்து முடியும்போது, காக்கிங் பீஸின் கீழ் முனை போல்ட்டின் சரிவில் முட்டக்கூடாது. போல்ட் முழுதாக இறங்காமல் நின்றாலோ டிரிகர் இடம் மாறியிருந்தாலோ முட்டும். முட்டினால் அடியின் ஒரு பங்கு பிரைமருக்குப் போகாமல் போல்ட்டைத் திருப்புவதில் செலவாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். காலி அறையில், துப்பாக்கியைப் பையில் அசையாமல் வைத்து, கைப்பிடியையே பார்த்தபடி டிரிகரை விட வேண்டும். கைப்பிடி துள்ளினால் முட்டுகிறது. ஸ்கோப் வழியே பார்த்தபடி இன்னொரு தடவை விட வேண்டும். இலக்கில் குறுக்குக் கோடு துள்ளினால் பின்னோ ஸ்பிரிங்கோ எங்கோ உரசுகிறது. அடுத்தது பின்னைக் கழற்றிப் பார்ப்பது. தண்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் வளைந்து உரசுகிறது. ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் சமமாகத் தேய்க்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். புது ஸ்பிரிங் விலை, ஒரு பெட்டி குண்டு விலைகூட ஆகாது.

பெர்த் திரும்பியதும் தம்பி இதைச் செய்து பார்த்தார், கைப்பிடி துள்ளியது. கிளப்புக்கு வழக்கமாக வேலை செய்யும் துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து, அந்த டிரிகருக்கு ஏற்ற ஹேங்கரை மாற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றினார். மேலும் கீழும் போன இரண்டும் உள்ளே வந்துவிட்டன. ஆக்‌ஷன் அதேதான், இடைவெளி அதே இரண்டு தௌதான்.

ஃபயரிங் பின் நுழையும் துளையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிபிசி போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களில் சிறிய ரைஃபிள் பிரைமர்தான் போடுவார்கள். அதன் தகடு மெல்லியது. துளை பெரிதாக இருந்தால் தகடு பின்னைச் சுற்றிப் பிதுங்கும், இன்னும் அழுத்தம் கூடினால் வட்டமாக வெட்டுப்பட்டு உள்ளே விழுந்துவிடும். விழுந்த அந்தச் சில்லு போல்ட்டுக்குள் கிடந்து ஸ்பிரிங்கில் சிக்கும். ரெமிங்டனின் துளை 0.075 அங்குலத்தைத் தாண்டும், பென்ச்ரெஸ்டுக்கு 0.062-இலிருந்து 0.068 வரை இருப்பது நல்லது, பின் முனை போல்ட் முகத்துக்கு வெளியே 0.050 சொச்சம் நீட்டினால் போதும். ஸ்பிரிங் இருபது பவுண்டுக்குச் சற்று மேலே. சிலர் இன்னும் கனமான ஸ்பிரிங் போடுகிறார்கள். அடி பலமாகும், ஆனால் 57 கிராம் எடையில் விடும் டிரிகர் மேல் அந்தச் சுமை உட்காரும், போல்ட் தூக்குவதும் கனக்கும். தேவை ஒரே மாதிரியான அடிதான்.

கை போகும் வழி

போட்டியில் ஐந்து குண்டுக்கு ஏழு நிமிஷம். நேரம் தாராளம்தான். ஆனால் காற்றைக் காட்டும் கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் ஒரே கோணத்தில் நிற்பது சிலசமயம் அரை நிமிஷம்கூட நீடிக்காது. அந்த அரை நிமிஷத்துக்குள் ஐந்தையும் அனுப்பிவிடுவது ஒரு வழி. காத்திருந்து, அதே காற்று திரும்ப வரும்போது ஒவ்வொன்றாகச் சுடுவது இன்னொரு வழி. இதில் தான் எந்த ரகம் என்று தெரியாமல் ஆக்‌ஷனின் ஜன்னலை, அதாவது தோட்டா போகவும் காலி உறை வரவும் விட்ட திறப்பை, தேர்ந்தெடுக்க முடியாது.

வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் போல்ட், இடப்பக்கம் ஜன்னல் என்பது பரவலான அமைப்பு. வலக்கை போல்ட்டை விட்டு நகராது. இடக்கை தோட்டாவை எடுத்து உள்ளே வைக்கும். தோளும் கன்னமும் துப்பாக்கியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. காலி உறை எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. வேகமாகச் சுடுகிறவர் வலப்பக்கம் இன்னொரு சின்ன ஜன்னல் வெட்டி அதன் வழியே தள்ளும் அமைப்பையோ, கீழே விழவிடும் அமைப்பையோ விரும்புவார். நிதானமாகச் சுடுகிறவருக்கு, உறையைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டரே வேண்டாம். விரலால் எடுத்துப் போட்டுவிடலாம், உறையும் கீறாது. எஜெக்டர் வேண்டுமென்றால் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது மட்டும் தட்டும் வகையைக் கேட்க வேண்டும். போல்ட் முகத்துக்குள் ஸ்பிரிங் வைத்து எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வகை, அறைக்குள் தோட்டாவை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கும். அதை இந்த விளையாட்டுக்குக் கொண்டு வருவது வீண் வேலை.

இரண்டு லக்கா மூன்று லக்கா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். மூன்றானால் கைப்பிடி 60 பாகை தூக்கினால் போதும், இரண்டானால் 90. ஆனால் ஸ்பிரிங்கை அழுத்தும் அதே வேலையை 60 பாகைக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் தூக்குவது கனக்கும். கனக்கும் போல்ட் துப்பாக்கியைப் பையில் நகர்த்தும். குறுகிய தூரப் பென்ச்ரெஸ்டுக்கு இரண்டே போதும். நியூசிலாந்தின் பார்னார்ட் மூன்று லக்கோடு நீண்ட தூரப் போட்டிகளில் நன்றாகத்தான் ஓடுகிறது, அங்கே அவசரமே இல்லை.

போல்ட்டைத் தூக்கும்போது உச்சியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், உடனே ஆக்‌ஷனைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது உறையின் அடிப்பகுதி வீங்கி அறையில் கவ்வுவது. அறையை வெட்டிய ரீமருக்கும் உறையைச் சுருக்கும் டைக்கும் அடிப்பக்க அளவில் பொருத்தம் இல்லை என்பதே காரணம். கம்பெனி ரெமிங்டனில் கைப்பிடியை ஒட்டவைத்த இடம் சற்றுத் தள்ளிப் போய், உறையை முதலில் இளக்கும் சரிவே சரியாக வேலை செய்யாமல் இருப்பதும் உண்டு. கஸ்டமில் அது அபூர்வம்.

எடைக் கணக்கும் போல்ட் முகமும்

பென்ச்ரெஸ்ட் போட்டியின் இலகு வார்மின்ட் வகுப்பில் துப்பாக்கி ஸ்கோப்போடு சேர்த்து 10.5 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, அதாவது 4.76 கிலோ. கனரக வார்மின்டில் 13.5 பவுண்டு. பேரல் ஏறத்தாழ 2.25 கிலோ, ஸ்டாக் (துப்பாக்கியின் அடிக்கட்டை) 900 கிராம், ஸ்கோப்பும் வளையங்களும் 650 கிராம் என்று கழித்தால் ஆக்‌ஷனுக்கும் டிரிகருக்கும் சேர்த்து 960 கிராம் மிஞ்சும். ஆக்‌ஷனில் குறையும் ஒவ்வொரு கிராமும் பேரலுக்குப் போகலாம். பாண்டா அலுமினிய உடம்போடு, லக் அமரும் இடத்தில் மட்டும் எஃகு வைத்து வந்தது இந்தக் கணக்கால்தான். கீழே அகலமாக இருப்பதால் ஸ்டாக்கில் எப்பாக்சி வைத்து ஒட்டிவிடவும் அது வசதி. ஒட்டிய துப்பாக்கி நகராது. ஆனால் ஆக்‌ஷனை வேறு ஸ்டாக்குக்கு மாற்ற வேண்டுமென்றால் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும். ஒரே ஒரு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால் ஒட்டலாம். இரண்டு வகுப்பிலும் சுட வேண்டும், ஸ்டாக் மாற்ற வேண்டும் என்றால் தூண் வைத்துத் திருகாணி போடுவதே வசதி. 600 கெஜத்துக்கும் சேர்த்து யோசிக்கிறவர் அலுமினியத்தின் பக்கமே போக வேண்டாம், அங்கே எடை தொந்தரவே இல்லை.

போல்ட் முகத்தின் அளவை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பிபிசி உறையின் அடி விட்டம் 0.445 அங்குலம், 6 மில்லி பிஆர், 30 பிஆர், டாஷர், 308 என்ற மற்ற தோட்டா வகைகள் எல்லாம் 0.473. குறுகிய தூரக் குரூப் போட்டியில் பிபிசி இன்றும் ராஜாதான். 1970-களில் பால்மிசானோவும் பிண்டெலும் .220 ரஷ்யன் உறையிலிருந்து உருவாக்கியது, அரை நூற்றாண்டாக அசைக்க முடியவில்லை. ஆனாலும் முதல் ஆக்‌ஷன் வாங்குகிறவருக்கு 0.473 முகத்தைத்தான் சொல்வேன். பிஆருக்கு நல்ல உறை நேராகப் பெட்டியில் கிடைக்கிறது, உறை செய்யும் வேலை இல்லை. அதே ஆக்‌ஷனில் பேரல் மட்டும் மாற்றி 30 பிஆரில் ஸ்கோர் போட்டி, டாஷரில் 600 கெஜம் என்று போகலாம். குரூப் போட்டியில்தான் நிற்பேன் என்று தெரிந்த பிறகு பிபிசி போல்ட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது போல்ட்டை அதே ரிசீவருக்குப் பொருத்தித் தருவார்களா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும், பிறகு அனுப்பிப் பொருத்துவது கடல் கடந்த வேலை.

பழைய 700-ஐ எடுத்துச் சரிசெய்தால் மலிவு என்று சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. முகம் வெட்டி, மறையைத் திரும்ப வெட்டி, லக் இருக்கை சரிசெய்து, போல்ட்டுக்கு வளையம் போட்டு, பின் துளையை அடைத்துத் திரும்பத் துளையிட்டு, கைப்பிடியை இடம் மாற்றி, ரீகாயில் லக் மாற்றி முடிக்கும்போது கஸ்டம் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். விற்கப் போனால் பழைய 700 விலைதான் கிடைக்கும். கையில் லேத் உள்ள நம் ஆட்களுக்கு ஆசை வரும், புரிகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் ரிசீவரில் கை வைக்கக்கூடாது. நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

பேரல்தான் தீரும் பொருள். பிபிசி பேரல் போட்டித் தரத்தில் ஆயிரம் குண்டுக்கு முன்னும் பின்னுமாகத்தான் தாங்கும். மும்முரமாகச் சுடுகிறவருக்கு வருஷத்தில் ஒன்றோ இரண்டோ மாற வேண்டி வரும். ஆக்‌ஷன் அவர் காலத்துக்கும் இருக்கும். அதனால் எந்த ஆக்‌ஷன் என்று முடிவு செய்வதற்கு முன், அதற்குப் பேரல் கடையப் போகிறவர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். அவருக்குப் பழக்கமான மறை எது, எந்த ஆக்‌ஷனின் அளவுகளை ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டு, அதற்கேற்ப வாங்குவது நல்லது. 1.0625 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று என்ற ரெமிங்டன் மறை இன்றும் பரவலாக ஓடுகிறது. ரிசீவர் முகத்திலிருந்து போல்ட் முகம் வரையிலான ஆழத்தை ஒரு தௌவுக்குள் பிடித்து வைத்திருக்கும் தயாரிப்பாளர் என்றால், ஆக்‌ஷனை அனுப்பாமலே அடுத்த பேரலைக் கடைந்து வாங்கலாம். வந்ததும் கேஜ் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் முதல் குண்டு. பெர்த்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். அமெரிக்காவிலிருந்து ஆக்‌ஷன் வர அங்கே ஏற்றுமதி அனுமதி, ஆஸ்திரேலியாவில் இறக்குமதி அனுமதி, போலீஸின் வாங்கல் அனுமதி எல்லாம் தனித்தனியாக ஓடும். மாதக்கணக்கில் ஆகும். ரிசீவரே சட்டப்படி துப்பாக்கிதான், திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளும் பேச்சே கிடையாது.

ஆகவே ஆர்டர் தாளில் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்: போல்ட் எந்தக் கை, ஜன்னல் எந்தப் பக்கம், உறை எந்தப் பக்கம் வெளியேறும், எஜெக்டர் உண்டா, போல்ட் முகம் எவ்வளவு, பின் துளை எவ்வளவு, அடி தட்டையா உருண்டையா, மறை என்ன, ஸ்கோப் தண்டவாளம் நேராகவா 20 நிமிடக் கோணச் சரிவோடா (100, 200 கெஜத்துக்கு நேர் போதும்). கடைசியாக, எந்த டிரிகர். டிரிகரின் பெயரையும் மாடலையும் குறிப்பிட்டு, ஹேங்கரை அதற்கே பொருத்தித் தரச் சொல்ல வேண்டும். முடிந்தால் டிரிகரையும் அவர்களிடமே வாங்கி மாட்டி வரவழைப்பது இன்னும் நல்லது. போல்ட்டில் வரி வெட்டு, கைப்பிடி முனையில் வண்ணம், பெயர் பொறிப்பு இதெல்லாம் அவரவர் விருப்பம். வரி வெட்டினால் தூசி ஒதுங்க இடம் கிடைக்கும் என்பார்கள். அந்த வரிகளைத் துடைக்கவும் நேரம் ஆகும்.

துருப்பிடிக்காத எஃகு என்பதால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஃகு தன்னோடு தானே உரசும்போது பற்றி உரிந்துவிடும், முக்கியமாக லக்குகளில். நைட்ரைடு பூச்சு உள்ள போல்ட் இதைக் குறைக்கும், தீர்க்காது. ஒவ்வொரு தடவை பேரலைச் சுத்தம் செய்யும்போதும் லக்கின் பின் முகத்தையும் அதன் இருக்கையையும் துடைத்து, பயறளவுக்குக் கிரீஸ். காக்கிங் சரிவில் இன்னொரு துளி. பின்னிலும் ஸ்பிரிங்கிலும் கிரீஸ் வேண்டவே வேண்டாம், லேசான எண்ணெய் பூசித் துடைத்துவிட வேண்டும்; அங்கே கிரீஸ் சேர்ந்தால் குளிர்ந்த காலையில் அடி மந்தமாகும், மறுபடி அந்த இரண்டு குண்டும் மேலும் கீழும் போக ஆரம்பிக்கும்.